ஒன்றேகால் நொடி

பிப்ரவரி 9

ஊசி,

முகவரி எப்படிக் கிடைத்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு நம் அணி அந்தச் சின்னப் போட்டியில் ஜெயித்தபோது, உன் பல் கட்டும் லேப்பில் மிஞ்சிய பிசினில் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு கடைவாய்ப்பல் செய்து, கோப்பை என்று அனுப்பினாயே. அந்தப் பெட்டியின் மேல் இருந்தது. பல் என் எடைக்கல் பெட்டியில் இருக்கிறது. இரண்டு கிராம், நூற்றுப் பத்து மில்லிகிராம்.

இணைய ஆட்டத்தில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். தொலைபேசியிலும். தாளைத் தடுக்க இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. கிழிக்கலாம். அதற்கு முன் படித்துவிடு. விஷயம் இழைத் துப்பாக்கி பற்றியது.

கடை கடையாகப் போய்த் தராசு சோதித்து அறிக்கை எழுதும் கை இது. உனக்குத் தெரிந்ததையும் முதலிலிருந்து எழுதினால்தான் எனக்கு வரும்.

ஆட்டத்தில் மருத்துவராக வருபவர் கையில் இருக்கும் ஆயுதம். சுட்டால் குண்டு போகாது; ஓர் இழை போய்க் கூட்டாளியின் முதுகில் ஒட்டும். ஒட்டியிருக்கும்வரை அவன் வாங்கும் அடியில் பாதி மருத்துவருக்கு. நடுவில் சுவரோ தூணோ வந்தால் இழை திரையில் மங்கிவிடும். அறுந்ததா இருக்கிறதா, கண்ணுக்குத் தெரியாது. மருத்துவர் வேறு ஆயுதத்துக்கு மாறினாலும் அறுந்துவிடும். அறும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். சண்டை இரைச்சலில் கேட்காது. எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எவ்வளவு எண்ணுவது? ஆட்டக்காரர்கள் சேர்ந்து எழுதும் விளக்கப் பக்கத்தில் நான்கு வருடமாக இருக்கும் வரி: "தடை வந்தால் இழை ஒன்றேகால் நொடியில் அறும். அளந்தவர்: தராசு."

போன வாரம் அந்தப் பக்கத்தின் கீழே தவளை என்று ஒருவர் கேட்டிருந்தார்: "எங்களுக்குத் தூணுக்குப் பின்னாலும் மூணு செகண்ட் நின்னுச்சே. பக்கம் தப்பா?" நான் என் வழக்கப்படி பதில் போட்டேன்: "நீங்க எண்ணத் தெரியாம எண்ணியிருப்பீங்க." அவர் கோபப்படவில்லை. பதிவை அனுப்பினார். பார்த்தேன். மூன்று நொடி.

நான் நாற்பது முறை அளந்தேன். நாற்பதும் பயிற்சி அறையில் நிற்கும் பொம்மையோடு. உயிருள்ள ஆளோடு ஒருமுறைகூட அளக்கவில்லை. நாங்கள் தராசில் எடைக்கல்தான் வைப்போம். வெங்காயம் வைத்துச் சோதிக்க மாட்டோம். அதே பழக்கம்.

ஆக, நவம்பரில், இறுதிப் போட்டியில், நான் வாசலில் கேடயத்தோடு நின்றபோது, நீ தூணுக்குப் பின்னால் போய் ஒன்றேகால் எண்ணிவிட்டுக் கைத்துப்பாக்கிக்கு மாறினாயே, அப்போது இழை அறுந்திருக்கவில்லை. என் அளவை நம்பி விட்டுவிட்டாய். தப்பு என்னுடையது. மன்னித்துவிடு.

மார்ச் 29 புதுப்பிப்பில் இழையை ஆட்டத்திலிருந்தே எடுக்கிறார்கள். அதற்குள் பக்கத்தைத் திருத்த வேண்டும். உன்னிடம் சொல்லாமல் திருத்தக் கூடாது என்று தோன்றியது.

தராசு


பிப்ரவரி 20

தராசு,

நான்கு பக்கம். இழை என்ற சொல் ஆறு முறை. நீ அன்று மைக்கில் சொன்னது ஒருமுறைகூட இல்லை.

உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு எண்ணத் தெரியும், அதனால் சொல்கிறேன். ஆட்டத்தில் நீ செத்து விழுந்ததும் கேட்டாய்: "ஏன்டி விட்ட?" நான் சொன்னேன்: "அறுந்துடுச்சுடா." நீ: "அறுந்துச்சா, நீ விட்டியா? உங்கப்பாவையும் இப்படித்தானே விட்டுட்டுப் போன."

நான்கு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நம் அணியின் பெரியப்பா எப்போதும் ஏதாவது மென்றுகொண்டே விளையாடுவார். மெல்லுகிற சத்தம் நின்றது. அதுதான் எனக்குக் கேட்டது.

அப்பா விஷயம் உன்னிடம் மட்டும் சொன்னது.

இப்போது உன் மன்னிப்பு. திரும்ப ஒருமுறை படித்துப் பார். இழை உயிரோடு இருந்தது, நான்தான் அறுத்தேன் என்று அதில் எழுதியிருக்கிறது. மூன்று மாதமாக உன் ஒன்றேகால் நொடியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன். அது தானாக அறுந்தது, நான் விடவில்லை. நீ மீதியெல்லாம் தப்பாகப் பேசினாலும் அளவு தப்பாக இருக்காது என்று. அதையும் பிடுங்கிக்கொண்டு, கீழே மன்னித்துவிடு என்று எழுதியிருக்கிறாய்.

பக்கத்தை எப்படி வேண்டுமானாலும் திருத்திக்கொள். என்னைக் கேட்காதே.

பல்லைத் திருப்பி அனுப்ப வேண்டாம். ஆறும் ஒரே அச்சு. எனக்கு உபயோகமில்லை.

ஊசி


பிப்ரவரி 26

ஊசி,

மறக்கவில்லை. மூன்று தாள் கிழித்தேன். அந்த வாக்கியத்தை என் கையால் எழுதிப் பார்த்தேன். எழுதினால் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

காரணம் தேடினேன். கிடைத்ததெல்லாம் காரணம் மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். அதனால் விடுகிறேன். சொன்னேன். பொய் என்று தெரிந்தே சொன்னேன். உனக்கு எங்கே வலிக்கும் என்று எனக்கு மட்டும் தெரியும் என்பதால் அங்கே சொன்னேன்.

வேறு ஒன்று சொல்ல வேண்டும். சாக்கு இல்லை. ஏன் பொம்மையோடு அளந்தேன் என்பது.

நான் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும். பெட்டியைத் திறந்து, ஐந்து கிலோ, இரண்டு கிலோ, ஒன்று என்று கற்களை வைப்பேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் தராசின் எண்ணைப் பார்ப்பார். சரியாக இருந்தால் முத்திரை. இல்லாவிட்டால் சண்டை. ஒரு நாளைக்கு ஒன்பது கடை. "வாங்க" என்பவர்கள் உண்டு. "உக்காருங்க" என்று யாரும் சொல்வதில்லை. பிறகு அறை. அறையில் ஒரு நாற்காலி. இன்னொன்று வாங்கலாம் என்று நினைத்து, எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஆட்டத்துக்கு வந்த முதல் மாதம் ஒருவரையும் தெரியாது. இழை எவ்வளவு நேரம் நிற்கும் என்று பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். இல்லை. பொம்மை இருந்தது. பொறுமையாக நின்றது. நாற்பது முறை அளந்ததற்குக் காரணம் துல்லியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு நீளம்.

அந்தப் பக்கத்தைப் போட்டு இரண்டாம் நாள் கீழே ஒரு வரி வந்தது: "யாரு இது அளந்தது? இவ்ளோ வேலைவெட்டி இல்லாத ஆள் நான் மட்டும்தான்னு நினைச்சேன்." அது நீ. உனக்கு நினைவிருக்கும்.

அந்தத் தப்பான அளவு இல்லாவிட்டால் நீ வந்திருக்க மாட்டாய். இதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போதும் ஆட்டத்துக்குள் நுழைகிறேன். அணிக்கு ஆறு இடம். என் உருவம் ஓரத்தில் நிற்கும். மற்ற ஐந்தும் சாம்பல் நிறம்.

தராசு


மார்ச் 4

தராசு,

லேப்பில் எனக்கு வருவது வாய் இல்லை. பிளாஸ்டர் அச்சு. மேல் தாடை, கீழ்த் தாடை, ஒரு சீட்டு, சீட்டில் ஓர் எண். அச்சில் மெழுகு வைத்துச் செதுக்கி, பல் கட்டி, அச்சிலேயே பொருத்திப் பார்ப்பேன். அழகாக உட்காரும். பல் மருத்துவரிடம் போகும். மூன்றில் ஒன்று திரும்பி வரும்: "உயரமாக இருக்கிறது, கடித்தால் இடிக்கிறது." அச்சு கடிப்பதில்லை. கடிக்கும்போது தாடை பக்கவாட்டில் கொஞ்சம் நகரும். அதை அச்சு சொல்லாது.

பன்னிரண்டு வருடமாக இதே வேலை. உன் பக்கத்தைப் படித்த அன்றே கேட்டிருக்க வேண்டும், யாரை வைத்து அளந்தாய் என்று. கேட்கவில்லை. எண் அழகாக இருந்தது. அதனால் பாதித் தப்பு எனக்கு. ரொம்பப் பெருமைப்பட்டுக்கொள்ளாதே, பாதிதான்.

நீ எழுதியதைப் படித்தேன். மன்னித்தேன் என்று எழுத வரவில்லை. வராததை எழுத மாட்டேன்.

ஆனால் உன்னிடம் பாதி சொன்னதை முழுதும் சொல்கிறேன். நீ பாதியை வைத்துக்கொண்டு பேசினாய்.

அன்று அப்பா ஆஸ்பத்திரிப் படுக்கையில். நான் பக்கத்தில். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று அழைத்தார்கள். "இப்ப வந்துடறேம்பா" என்றேன். அவர் கண்ணை மூடித் திறந்தார், சரி என்பதுபோல. மின்தூக்கிக்குக் காத்திருந்தது, வரிசை, பேனா எழுதாதது, எல்லாம் சேர்த்துப் பதினொரு நிமிடம். திரும்பி வந்தபோது திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். நர்ஸ் என் தோளைப் பிடித்துச் சொன்னாள்: "நீங்க இங்கயே இருந்திருந்தாலும்..." அதற்குள் அவளை யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

அந்த வாக்கியத்தை நான்தான் முடித்துக்கொண்டிருக்கிறேன், இரண்டு வருடமாக. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி. நீ அன்று அதை ஒரு மாதிரி முடித்துவிட்டாய்.

சரி. தவளை என்ன செய்தார்? பொம்மைக்கும் ஆளுக்கும் என்ன வித்தியாசம்? பொம்மைக்கு என்ன குறை?

இறுதிப் போட்டியின் பதிவு என்னிடம் இருக்கிறது. ஒருமுறையும் திறக்கவில்லை.

ஊசி


மார்ச் 9

ஊசி,

தவளையிடம் கேட்டேன். "பொம்மைக்குக் கழுத்து இல்லையே சார்" என்றார். சிரித்தாரா என்று எழுத்தில் தெரியவில்லை.

விவரம் இது. தடை வந்தபின் இழை ஒட்டியிருப்பவன் மருத்துவர் இருக்கும் பக்கம் திரும்ப வேண்டும். திரும்பினால் இழை நிற்கும். திரும்பாவிட்டால் ஒன்றேகால் நொடியில் அறும். ஆட்டம் இரண்டு பேரின் பார்வையையும் கணக்கில் எடுக்கிறது. நான் ஒரு பக்கம்தான் அளந்தேன். பொம்மை சுவரைப் பார்த்தே நிற்கும். அதற்குத் திரும்பத் தெரியாது.

அப்படியானால் நவம்பரில் நடந்தது, நான் திரும்பினேனா இல்லையா என்பதைப் பொறுத்தது.

திரும்பியிருப்பேன். உன்னை எப்போதும் திரும்பிப் பார்ப்பேன். நீ இருக்கிறாயா என்று. அதனால் இழை இருந்திருக்கும். அதனால் நீ. இதற்குமேல் எழுதக் கூடாது.

பதிவைப் பார்க்காதே. உனக்கு எதற்கு அது? எல்லாம் என் அளவால் வந்தது என்றே இருக்கட்டும்.

இதை எழுதிவிட்டு ஒருமணி நேரம் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். பதிவைப் பார். நான் ஒருமுறை உன்னைக் கேட்காமல் உன் விஷயத்தை முடித்துவைத்தேன். இன்னொருமுறை வேண்டாம்.

தராசு


மார்ச் 14

தராசு,

பார்த்தேன். லேப்பில் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின், பழைய மானிட்டரில். கால் வேகத்தில் ஓட விட்டேன்.

நீ வாசலில். கேடயம் பாதி உடைந்திருக்கிறது. உன் முதுகு. நான் பின்னால். வெடி உருண்டு வருகிறது, நான் தூணுக்குப் பின்னால் போகிறேன். இழை மங்குகிறது. இங்கிருந்து எண்ணு.

அரை நொடியில் உன் குரல்: "ஊசி, இருக்கியா?"

முக்கால் நொடியில் நான்: "இருக்கேன்டா."

நீ திரும்பவில்லை.

சுவருக்கு அப்பால் கூட்டாளியின் உருவம் கோட்டுப் படமாகத் தெரியுமே, அதில் உன் முதுகு. முதுகுதான். நான்கு முறை பின்னால் ஓட்டிப் பார்த்தேன், கழுத்தாவது அசைகிறதா என்று. ஒன்றேகால் நொடியில் உன் அடியில் எனக்கு வரும் பாதி நின்றுவிடுகிறது. ஒன்று புள்ளி ஆறில் நான் கைத்துப்பாக்கிக்கு மாறுகிறேன்.

அறுந்ததைத்தான் விட்டேன். உன் தப்பான அளவு அன்று சரி.

இதைப் பார்த்ததும் குதிப்பேன் என்று நினைத்தேன். நவம்பரிலிருந்து வேண்டியிருந்தது இதுதான். கையில் வந்ததும், அந்த "இருக்கியா"வையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். உனக்குப் பதில் போதுமாக இருந்தது. பார்க்க வேண்டியிருக்கவில்லை. அது நம்பிக்கை என்று ஒருவர் சொல்லலாம். அதனால்தான் அறுந்தது. யாரைத் திட்டுவது?

"எப்போதும் திரும்பிப் பார்ப்பேன்" என்று எழுதியிருந்தாய். இல்லை. கேட்பாய். இரண்டும் வேறு.

ஒன்று பாக்கி. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தால் எவ்வளவு நேரம் நிற்கும்? தவளை மூன்று என்கிறார். அவர் ஒரே ஒரு தடவை பார்த்தவர். ஒரு தடவை என்பது அளவில்லை, இதை உன்னிடமிருந்துதான் கற்றேன். ஒருவேளை பார்க்கும்வரை அறவே அறாதோ என்னவோ. எனக்கு அது தெரிய வேண்டும். ஏன் என்று கேட்காதே.

மார்ச் 28, ஞாயிறு, மாலை நான்கு மணி. பயிற்சி அறை. எண் கீழே. உன்மேல் போட்ட தடையை எடுக்க மாட்டேன், அதனால் பேச முடியாது, எழுத முடியாது. அறைக்குள் நிற்பதை அது தடுக்காது. பொம்மையை அணைத்து வை.

ஊசி

அறை எண் 4471.


மார்ச் 19

ஊசி,

வருகிறேன். நாற்பது முறை. ஒவ்வொரு முறையும் நீ தூணுக்குப் பின்னால் போனதும் நான் திரும்புவேன். 'டிக்' கேட்டதும் நான் ஒருமுறை குனிந்து எழுவேன்; அது "குறித்துக்கொண்டேன்" என்று அர்த்தம். நீ தயார் என்றால் ஒருமுறை குதி.

நீ கேட்காத ஒன்று. நான்கு பேர் முன்னால் சொன்னதை அந்த நான்கு பேர் முன்னால்தான் திருப்பி எடுக்க முடியும். ஒவ்வொருவராக அழைத்தேன். "அவ அப்பாவ விட்டுட்டுப் போகல. நான் சொன்னது பொய்" என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை, நீ எழுதிய மீதி அவர்களுக்கு உரியதில்லை.

மூன்று பேர் சரி என்றார்கள். பெரியப்பா மென்றுகொண்டிருந்தார். நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இத எங்ககிட்ட சொல்ல உனக்கு நாலு மாசமாடா ஆச்சு? எங்களுக்கு அன்னைக்கே தெரியும்டா அது பொய்யின்னு. உனக்குத்தான் தெரியாதோன்னு இருந்தோம்."

அன்று நான் கேட்டேன், திரும்பவில்லை. அதை நீ நாலுமுறை ஓட்டிப் பார்த்தாய். நான் பதிவில்லாமலே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தராசு


மார்ச் 29

தராசு,

அறிக்கை என் முறை. உன் மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நுழைந்தேன். நீ முன்பே நின்றிருந்தாய். பொம்மை இல்லை. நான்கு வருடத்தில் அந்த அறை அவ்வளவு பெரியது என்று கவனித்ததில்லை.

குதித்தேன். தூணுக்குப் பின்னால் போனேன். கோட்டுப் படம் திரும்பியது. முகம் என்று அதில் ஒன்றும் இல்லை, தெரியும். இருந்தாலும்.

நாற்பது முறை. குறைந்தது இரண்டு புள்ளி ஒன்பது எட்டு. அதிகம் மூன்று புள்ளி பூஜ்யம் ஒன்று. பதினேழாவதில் நீ குனிந்து எழ மறந்தாய், தும்மியிருப்பாய். இருபத்திரண்டாவதில் நான் குதிக்காமலே போனேன், நீ அப்படியும் திரும்பினாய். முப்பதுக்குப் பிறகு நான் எண்ணவில்லை, பதிவுக் கருவிதான் குறித்தது. நாற்பது முடிந்ததும் குனிந்து எழுந்தாய். போய்விடுவாய் என்று நினைத்தேன். போகவில்லை.

நாற்பத்தொன்று கணக்கில் இல்லை. அதை மட்டும் நான் அளக்கவில்லை.

தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். நீ திரும்பினாய். கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மேசைமேல் விரித்து வைத்தேன், நான் விடவில்லை என்று யாரும் பார்க்கிற மாதிரி. இங்கே என் அறையில் யாரும் இல்லை. நீ அசையவில்லை. நானும் அசையவில்லை. உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

டிக்.

கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு அழுதேன். நல்லவேளை, உன்னால் என் மைக்கைக் கேட்க முடியாது. நீ அங்கேயே, என் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தாய். அறுந்தபின்னும். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அது பக்கத்தில் போட வேண்டிய விவரம் இல்லை.

இன்று மதியம் திறந்து பார்த்தேன். மருத்துவரின் ஆயுத வரிசையில் இழை இருந்த இடத்தில் ஒரு சாம்பல் கட்டம். வேறு ஏதோ வருமாம், அடுத்த மாதம். பட்டியலில் உன் பெயர் எனக்குத் தெரியவில்லை, தடை இருக்கிறதே. எடுக்கலாமா என்று விரல் போனது. இப்போதைக்கு இருக்கட்டும். தாளில் நீ கொஞ்சம் யோசித்துப் பேசுகிறாய்.

பக்கத்தைத் திருத்து. ஆயுதமே இல்லை, யார் படிப்பார்கள் என்று விட்டுவிடாதே. இப்படி எழுது:

"தடை வந்தபின் கூட்டாளி திரும்பாவிட்டால் இழை ஒன்றேகால் நொடியில் அறும். இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தாலும் மூன்று நொடியில் அறும். கையை எடுத்துவிட்டும் பார்த்தோம். அளந்தவர்கள்: தராசு, ஊசி."

ஊசி

இன்னொரு நாற்காலி வாங்கு. யாருக்கு என்று பிறகு பார்க்கலாம்.